மைனஸ் இருபத்தைந்தில் ஓர் உத்திரம்

லண்டனுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, இரும்பை உடைப்பது. சும்மா சொல்லவில்லை, சம்பளம் தந்து உடைக்கச் சொன்னார்கள். அது ஒரு பரிசோதனைக் கூடம். விரல் தடிப்பில் வெட்டிய இரும்புத் துண்டின் நடுவில் சின்னதாய் ஒரு வெட்டுப் போட்டு, குளிர் திரவத்தில் ஊறவைத்து, இடுக்கியால் தூக்கி மெஷினில் வைக்கவேண்டும். மேலே ஒரு பெரிய சம்மட்டி தொங்கும். கொக்கியை விட்டால் அது வீசிக்கொண்டு இறங்கித் துண்டின் முதுகில் அறையும். நல்ல இரும்பு வளைந்து, கிழிந்து, சம்மட்டியையே இழுத்துப் பிடிக்கும். மற்றது ‘டக்’ என்று இரண்டாகிக் கம்பி வலையில் போய் அடிபடும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. என் குணத்துக்கு ஏற்ற வேலை என்று அக்கா சொல்வார்.

அங்கே படித்ததுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. இரும்பிடம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். எவ்வளவு பாரம் தாங்குவாய்? குளிரில் ஓர் அடி விழுந்தால் என்ன செய்வாய்? ஒவ்வொரு நாடும் இதற்குத் தன் பாட்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. இங்கே எஸ்355 என்போம். இந்தியாவில் இ350. சீனாவில் கியூ355. அமெரிக்கனுக்கும் ஜப்பான்காரனுக்கும் வேறு வேறு. இதெல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஓர் அட்டவணை இரும்பு வேலை செய்யும் எந்தக் கந்தோரிலும் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் ஒப்பிடுவது பாரம் தாங்கும் பலத்தை மட்டும். பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறதே, அதை ஒருவரும் பார்ப்பதில்லை. எஸ்355க்குப் பின்னால் ஜே2 என்று இருந்தால், மைனஸ் இருபதில் வைத்து அடித்துப் பார்த்த இரும்பு. இ350க்குப் பின்னால் சி இருந்தால் அதுவும் அப்படித்தான். வெறும் ஏ என்று இருந்தால், ஒரு குளிரிலும் ஒருவரும் அடித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளையின் படிப்பையும் உயரத்தையும் விசாரித்துவிட்டுக் குணத்தை விசாரிக்காமல் தாலி கட்டுவிக்கிற மாதிரி.

இனி அத்தான். என் அக்காவின் கணவர். கெட்ட மனிதர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் சொல்லப்போவது எதுவும் அவருக்கு நல்லதாய் இருக்காது. இல்ஃபோர்டுக்குத் தெற்கே, ஆற்றுப் பக்கமாய், அவருக்கு ஒரு மீன் கோல்ட் ரூம் இருக்கிறது. விளைமீன், பாரை, நண்டு, கணவாய் எல்லாம் கல்லுப்போல உறைந்து கொண்டெய்னரில் வந்து இறங்கும். உள்ளே எப்போதும் மைனஸ் இருபத்தைந்து. என் கணவர் வேலை செய்த அச்சகம் மூடப்பட்டு, அவர் ஒரு வருசத்துக்கு மேலாய் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தான்தான் கூப்பிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழக்கி வேலை கொடுத்தார். அதற்குப் பிறகு என் கணவருக்கு அத்தான் கடவுளுக்கு ஒரு படிதான் கீழே.

அந்த வருசம் நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வியாபாரத்துக்கு முன்னம் அத்தான் கோல்ட் ரூமுக்குள் ஒரு மேல்தட்டுப் போட்டார். இரும்புத் தூண், இரும்பு உத்திரம், மேலே பலகை, அதற்கு மேலே மீன் பெட்டி. இடம் இரட்டிப்பு. கீழே என் கணவர் ஃபோர்க்லிஃப்டில் போய் வருவார். நான் நண்டு வாங்கப் போன ஒரு நாள், அத்தான் என்னையும் பாரமான குளிர்ச்சட்டையைப் போடவைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“எப்பிடி பிள்ளை? நீ பாத்துச் சொல்லு. உன்ர கண்ணுக்குத்தான் ஒண்டும் பிடிக்காதே.”

நடு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தேன். அதன் வயிற்றில், சரியாய் நடுவில், ஒரு பிள்ளையார் இருந்தார்.

படம் இல்லை, ஒரு சின்னத் தட்டு. எல் வடிவில் இரண்டு இரும்புக் கோணத்தை உத்திரத்தின் அடிப்பக்கத்தில் வெல்ட் பண்ணி, அதில் பிள்ளையாரை வாசலைப் பார்க்க வைத்திருந்தார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, அதன் மேல் பனி. புதிதாய் எது கட்டினாலும் நாங்கள் முதலில் அவரை வைப்போம், சரிதான். ஆனால் ஓர் உத்திரத்தில் பாரம் ஏறினால் அடிப்பக்கத்தின் நடுவில்தான் இழுவை ஆகக் கூடுதல். அங்கே ஒரு கீறலும் போடக்கூடாது. இவர்கள் வெல்டே போட்டிருக்கிறார்கள்.

“இதை எப்ப வெல்ட் பண்ணினது?”

“ரூமைத் திரும்பக் குளிராக்கினாப் பிறகு. முதல் மறந்துபோனம். உள்ளுக்க நிண்டுதான் பொடியன் ஒட்டினவன்.”

உறைந்து கிடக்கும் இரும்பில் சூடு காட்டாமல் வெல்ட் போட்டால் அதன் ஓரத்திலேயே வெடிப்பு பிறக்கும். பிறகு அது காத்திருக்கும். உத்திரத்தின் பக்கத்தில் இருந்த பனியைக் கையுறையால் துடைத்தேன். இ350 ஏ என்று அச்சு இருந்தது.

“அத்தான், இது எந்த இரும்பு தெரியுமோ?”

“ஏன் தெரியாது? இந்தியாவில இருந்து வந்த முதல் தர இரும்பு. ஏ கிரேட். பி இல்லை, சி இல்லை, ஏ!” என்று நெஞ்சை நிமிர்த்தினார். பரீட்சையில் முதலாவதாய் வந்த பிள்ளையின் தகப்பன் மாதிரி.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே வந்ததும், மேல்தட்டை வடிவமைத்து இரும்பும் இறக்கிக் கொடுத்த எஞ்சினியருக்குப் போன் போட்டேன். சென்னைக்காரர், லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேனில் குடும்பத்தோடு இருக்கிறார். நல்ல பேச்சு, நல்ல பண்பு. அதுதான் இன்னும் எரிச்சல்.

“மேடம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க. சார்ட் அனுப்பறேன் பாருங்க. இ350, எஸ்355, ரெண்டும் ஈக்விவேலன்ட். அஞ்சு தான் வித்தியாசம்.”

“பலத்தில. குளிரில என்ன செய்யும் எண்டு பாத்தனீங்களோ?”

“செங்கல்பட்டுல இதே இரும்புல எத்தனையோ ஷெட் போட்டிருக்கேன் மேடம். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகல.”

“செங்கல்பட்டில எப்ப ஐயா மைனஸ் இருபத்தைஞ்சு அடிச்சது?”

அவர் குரலைத் தாழ்த்தி, “சார் என்கிட்ட குடோனுக்குன்னு தான் சொன்னாரு. கோல்ட் ரூம்னு சொல்லல” என்றார். அத்தான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவேண்டியதில்லை. அவருக்கு அது கோல்ட் ரூம் இல்லை, கடை. வருகிற சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாக எஞ்சினியர் சொன்னார். அதுவரை பாரம் ஏற்றவேண்டாம் என்று அத்தானுக்கும் சொன்னார். அத்தான் ஓம், சரி என்றார். ஓம் என்றுவிட்டு ஏற்றினார். நத்தார் வருகிறதே.

வீட்டில் நடந்ததை எழுதக் கூச்சமாய் இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். என் கணவர் வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்கினேன். நாளைக்கு நீங்கள் போகவேண்டாம் என்றேன். அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே, “விசர்க்கதை கதையாதையும்” என்றார். நான் விளக்கினேன். வெல்ட், வெடிப்பு, வால், எல்லாம். சோறு முடியும்வரை கேட்டார்.

“அத்தான் பாத்துச் செய்வார்.”

“அத்தானுக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்?”

“ஒரு வருசம் நான் சும்மா இருக்கேக்க உம்மட இரும்போ எனக்குக் கூப்பிட்டு வேலை தந்தது?”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, குழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மீன் குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. அவர் எழும்பி, என் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளி, “உமக்குப் பெருமை பிடிச்சிட்டுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கையை ஓங்கவில்லை. எங்கள் கலியாண வாழ்க்கையில் அதுவரை அவர் கையை ஓங்கியதில்லை. நான் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். அவர் நின்று வாங்கினார். பிறகு துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தார்.

அந்தக் கிழமை ஏழு நாளும் இதே கூத்து. காலையில் அவர் சப்பாத்துப் போடும்போது கத்துவேன். அவர் வேலையில் இருக்கும்போது போன் போட்டுக் கத்துவேன். வேலைத்தலப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு நான் அறிவிக்கப்போகிறேன் என்று அக்காவுக்குச் சொன்னேன். அக்கா போனில் அழுதார். “அவரை ஜெயிலுக்க போடப்போறியோ? என்ர குடும்பத்தை றோட்டில விடப்போறியோ? சனிக்கிழமை அந்த மனுசன் வந்து பாக்கட்டும், அதுமட்டும் பொறு” என்றார். பொறுத்தேன். நான் பொறுத்தது எனக்கே இன்றைக்கும் ஆத்திரம்.

சனிக்கிழமை எஞ்சினியர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நானும் போனேன். அத்தான் எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப் போனார். மேல்தட்டில் கூரை முட்ட மீன் பெட்டி. என் கணவர் கீழே ஃபோர்க்லிஃப்டில், முகமூடித் தொப்பிக்குள், என்னைப் பார்க்காததுபோல பெட்டி அடுக்கிய ஒரு பலேட்டைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஏணியை இழுத்துப்போட்டுப் பிள்ளையாரிடம் ஏறினேன். கோணத்தின் வெல்ட் ஓரத்தில் இருந்த பனியை நகத்தால் சுரண்டினேன். அங்கே இருந்தது. மயிர்போல ஒரு கறுப்புக் கோடு. வெல்டில் தொடங்கி உத்திரத்தின் உடம்புக்குள் போயிருந்தது.

எஞ்சினியரை ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார். இறங்கும்போது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

“சார், எல்லாரையும் உடனே வெளிய அனுப்புங்க. சாமியையும் எடுக்கணும், இந்த பிராக்கெட்ட—”

“சாமியில கை வைக்கக் கூடாது!” என்று அத்தான் பாய்ந்தார். “இண்டைக்குச் சனி. லொறி வாசலில நிக்குது. திங்கள் பாப்பம். சும்மா ரெண்டு பேரும் சேந்து வெருட்டாதேங்கோ.”

நான் என் கணவரிடம் ஓடினேன். ஃபோர்க்லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இறங்குங்கோ, கால்ல விழுறன், இறங்குங்கோ” என்றேன். எனக்கு வெட்கம் இல்லை. அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான், வேலையைப் பார் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவர் என் கையைக் கம்பியில் இருந்து விரல் விரலாய் எடுத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்த உத்திரத்துக்குக் கீழேயே போனார்.

அப்போது எனக்குப் பைத்தியம் பிடித்தது. வேறு என்ன சொல்ல? வெளியே, லொறியில் சாமான் ஏற்றும் இடத்தில், உறைந்த மீன் கட்டியை உடைக்கிற சம்மட்டி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. எடுத்தேன். பக்கத்தில் அத்தானின் வான் வண்டி நின்றது, புதுசு, இரண்டு பக்கமும் மீன் படம். முன்கண்ணாடியில் ஓங்கி ஒரு போடு போட்டேன். கண்ணாடி சிலந்தி வலையாய் வெடித்து உள்ளே சரிந்தது. அடுத்தது விளக்கு. அடுத்தது கதவு. கை விறைத்தது, விடவில்லை.

அத்தான் ஓடிவந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். “பேய் பிடிச்சிட்டுதோ உனக்கு! விடடி!”

நான் திரும்பி அவர் கையைக் கடித்தேன். உப்பாய் இரத்தம் வந்தது. அவர் அலறிக்கொண்டு விட்டார். எங்கள் குடும்பத்தில் அக்காவின் கணவரை நாங்கள் பெயர் சொல்லியே கூப்பிடமாட்டோம். கதிரையில் அவர் இருந்தால் நாங்கள் எழும்புவோம். நான் சம்மட்டியை அவருக்கு நேரே நீட்டிக்கொண்டு, அந்த இடமே அதிரக் கத்தினேன்.

“டேய்! என்ர மனுசனைக் கொல்லப் பாக்கிறியோடா? கோதாரி விழுவானே! நீயெல்லாம் ஒரு மனுசனோ? வெளியில விடடா அந்தாளை!”

அந்த ‘டேய்’ தான். வாசலில் நின்ற லொறிக்காரன் வாயைப் பிளந்தான். ஒரு வேலையாள் கோல்ட் ரூமுக்குள் ஓடி, அண்ணை, உங்கட மனிசி பெரியவரை அடிக்கிறா என்று கத்தியது எனக்கும் கேட்டது. எங்கள் ஆட்களுக்குச் சண்டை என்றால் சொல்லவும் வேண்டுமா? உள்ளே நின்றவர்கள் அவ்வளவு பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். எஞ்சினியர் நடுவில் நின்று, “ஐயோ, வேணாம் சார், வேணாம் மேடம்” என்று இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாய் என் கணவர் வந்தார். ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் எல்லாம் இளகியது. வந்துவிட்டார், வெளியே வந்துவிட்டார் என்று சம்மட்டியைக் கீழே போட்டேன். அவர் நேரே என்னிடம் வந்து, குளிருக்குப் போடும் தடித்த கையுறையோடு, என் கன்னத்தில் அறைந்தார். முழுப் பலத்தோடு. நான் சுழன்று வான் வண்டியில் மோதினேன். காதுக்குள் கூவியது. “அவரை நீ டேய் எண்டு சொல்லுவியோ? சொல்லுவியோ?” என்று இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினார்.

அப்போது அது உடைந்தது.

இரும்பு உடைகிற சத்தம் எனக்குப் பழக்கம். ஆனால் இது அந்தக் கூடத்துச் சத்தம் இல்லை. பக்கத்தில் ஷெல் விழுந்தது. அப்படித்தான் இருந்தது. நிலம் தூக்கிப்போட்டது. கோல்ட் ரூமின் வாசலால் வெள்ளைப் புகைபோலப் பனி பீறிட்டு வந்தது.

நாங்கள் எல்லோரும் விழுந்தோம். படு என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தான், வேலையாட்கள், நான், எல்லோரும் ஒரே நொடியில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தினோம். முப்பது வருசமாய் இங்கே வரி கட்டுகிற உடம்புகள் அவை, ஆனால் ஊரில் யுத்தத்தில் ஷெல்லுக்குப் படுத்துப் பழகியவை. என் முதுகில் பாரமாய் ஏதோ விழுந்து என்னை அமுக்கியது. என் கணவர். என்னை முழுதாய் மூடிக்கொண்டு கிடந்தார். இப்போது அடித்த அதே கை என் பின்தலையைப் பொத்தி நிலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. “எழும்பாதையும், எழும்பாதையும்” என்று என் காதுக்குள் சொன்னார்.

எஞ்சினியர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். எங்களை ஒரு கணம் விளங்காமல் பார்த்தார். பிறகு அந்தப் பனிக்குள் ஓடினார். தனியாய் ஓடினார், அதை நான் மறக்கமாட்டேன். திரும்பி வந்தபோது இருமிக்கொண்டு, “உள்ள யாரும் இல்ல. யாருமே இல்ல” என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் எழும்பிப் போய்ப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். மேல்தட்டு முழுவதும் கீழே. உத்திரம் கொஞ்சமும் வளையாமல், வெட்டிவைத்ததுபோல இரண்டாய்க் கிடந்தது. பெட்டிகள் வெடித்து, உறைந்த பாரை மீன்கள் எங்கும் சிதறியிருந்தன. அதற்கு நடுவில் ஃபோர்க்லிஃப்ட். அதன் கூரைக் கம்பிகள் இருக்கைவரை நசுங்கியிருந்தன. அவர் அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன்.

பொலிஸ் வந்தது, மற்றவர்களும் வந்தார்கள், கேள்வி கேட்டார்கள், கோல்ட் ரூமுக்குப் பூட்டுப் போட்டார்கள். அத்தான் கடிபட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மூலையில் இருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றுவரை சொந்தக்காரர் எல்லோரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள்: இவளின்ர வாய்தான் அவனைக் காப்பாற்றினது. கலியாண வீடுகளில் என்னைக் காட்டிச் சிரிக்கிறார்கள். என் கன்னத்தில் விழுந்த அறையைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. அவ்வளவு பேரும் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் காரில் ஏறினோம். அவர் திறப்பைச் சாவித் துவாரத்தில் போட்டார், திருப்பவில்லை. என் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது.

“நோகுதோ?” என்றார்.

“ஓம்.”

அவர் அழத் தொடங்கினார். அச்சகம் மூடியபோதும் அழாத மனுசன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, “நான் உமக்கு அடிக்கத்தான் வெளியில வந்தனான்” என்றார். “அந்தக் கோபம் வராட்டி நான் இறங்கியிருக்கமாட்டன். இப்ப அங்க கிடந்திருப்பன்.”

அவர் அதை எனக்கு ஒரு சமாதானமாய்ச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது. எனக்கு அவர் உயிரோடு இருப்பதைத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது. அவரைத் திருப்பி அறையவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

“அடிக்காமலும் வெளியில வந்திருக்கலாம் நீங்கள்” என்றேன். “ஒரு கிழமையாய் வாங்கோ வாங்கோ எண்டுதானே கூப்பிட்டனான்.”